கண்ணாடியைக் கற்ற ஓட்டோ ஷாட்

கண்ணாடி இல்லாத இல்லம் இன்று இல்லை எனலாம். பலகணியில் பதித்த பலகையாகவும், மருந்து நிறைந்த சீசாவாகவும், முகம் காட்டும் ஆடியாகவும், முதியோர் அணியும் மூக்குக் கண்ணாடியாகவும் அது மக்களோடு ஒன்றி வாழ்கின்றது. மணலையும் சோடா உப்பையும் சுண்ணாம்பையும் கலந்து கடுந்தீயில் உருக்கி ஆறவிட்டால் கண்ணாடி உண்டாகும் என்பதைப் பண்டை எகிப்தியரும் உரோமரும் அறிந்திருந்தனர். ஆயினும், அவ்வுருகலில் வேறு எந்தப் பொருளைச் சேர்த்தால் கண்ணாடியின் இயல்பு எவ்வாறு மாறும் என்னும் வினாவிற்கு நெடுங்காலம் முறையான விடை கிடைக்கவில்லை. ஒரு துளி உறைமோர் ஒரு குடம் பாலின் தன்மையையே மாற்றிவிடுகின்றது. அதுபோலவே, சிறிதளவு சேர்க்கும் பொருள் கண்ணாடியின் குணம் முழுவதையும் மாற்றிவிடும். இவ்வுண்மையை அனுபவத்தால் அறிந்த கொல்லர் பலர் இருந்தனர். அளந்து அறிந்து உலகிற்கு உரைத்தவரோ ஓட்டோ ஷாட் என்னும் ஜெர்மானிய அறிஞர் ஆவார்.

ஓட்டோ ஷாட் 1851ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17ஆம் நாள், ஜெர்மனியின் மேற்குப் பகுதியில் ரூர் ஆற்றங்கரையில் உள்ள விட்டன் என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய தந்தையார் சைமன் ஷாட் பலகணிக் கண்ணாடி செய்யும் தொழிலில் வல்லவர். அவ்வூர்க் கண்ணாடித் தொழிற்சாலை ஒன்றின் பங்காளருமாவார். உலையின் செந்தழலும், ஊதுகுழலின் நுனியில் தேன்பாகு போல் தொங்கும் கண்ணாடி உருகலும் ஓட்டோவிற்கு இளமை முதலே பழகிய காட்சிகள். நல்ல கண்ணாடி ஒரு நாள் கிடைக்கும். மறுநாள் அதே மணலும் அதே உப்பும் குமிழியும் வரியுமாகப் பாழாகிவிடும். அதற்குக் காரணம் யாது என்று கேட்டால் தொழிலாளரால் தெளிவாக விடை கூற இயலாது. தந்தைக்குப் பின் மகன் என வழிவழியாக வந்த கைப்பழக்கமே அத்தொழிலுக்கு நூலாகவும் ஆசானாகவும் இருந்தது.

காரணத்தை அறிய வேண்டும் என்னும் வேட்கை ஓட்டோவின் உள்ளத்தில் வேரூன்றியது. ஆகன், வூர்ஸ்பர்க், லைப்சிக் ஆகிய நகரங்களில் அவர் வேதியியல் முதலிய துறைகளைக் கற்றார். 1875ஆம் ஆண்டு யேனாப் பல்கலைக் கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அதற்கென அவர் எழுதிய ஆராய்ச்சி உரையின் பொருள் பலகணிக் கண்ணாடி செய்வதில் நேரும் குறைகளைப் பற்றியதே ஆகும். உயர்ந்த கல்வி பெற்றவர் பலர் தம் குலத்தொழிலை மறந்துவிடுவதுண்டு. ஷாட் தாம் பெற்ற கல்வி முழுவதையும் அத்தொழிலுக்கே திருப்பிக் கொடுத்தார்.

அக்காலத்தில் ஒளிக்கருவிகளுக்குப் பயன்பட்ட கண்ணாடி பெரும்பாலும் இரண்டு வகைகளே. ஒன்று சுண்ணாம்பு கலந்த கிரவுன் கண்ணாடி. மற்றொன்று ஈயம் கலந்த பிளின்ட் கண்ணாடி. ஒளி ஒரு வில்லையின் வழியே செல்லும்போது வளைகின்றது. வளைவதோடு நில்லாமல் பல நிறங்களாகவும் பிரிகின்றது. ஆகையால் ஒரே வில்லையின் வழியே நோக்கினால் பொருளின் விளிம்பில் செம்மையும் நீலமும் படர்ந்து தோன்றும். கிரவுன் வில்லையையும் பிளின்ட் வில்லையையும் இணைத்தால் இக்குறை பெரிதும் நீங்கும். எனினும் முற்றும் நீங்குவதில்லை. இரண்டு நிறங்களை ஒரு புள்ளியில் கூட்டினால் மூன்றாம் நிறம் விலகி நிற்கும். பிளின்ட் கண்ணாடி நீல நிறப் பகுதியைக் கிரவுன் கண்ணாடியினும் மிகுதியாக விரித்துவிடுவதே இதற்குக் காரணமாகும்.

இக்குறை சிறிதெனத் தோன்றலாம். ஆனால், கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களைத் தேடிய மருத்துவ அறிஞர்களுக்கு அது பெருந்தடையாக இருந்தது. மக்களை வாட்டிய கொடுநோய்கள் பலவற்றிற்குக் கிருமிகளே காரணம் என்னும் உண்மை வெளிப்பட்டுக் கொண்டிருந்த காலம் அது. இராபர்ட் காக் என்பார் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததை 1882ஆம் ஆண்டு உலகிற்கு அறிவித்தார். கிருமியின் உருவம் நிறக்கறையில் மறைந்துவிடுமாயின் நோயின் காரணமும் மறைந்தே கிடக்கும். எனவே, நல்ல நுண்ணோக்கி வேண்டும் என்பது மனித உயிர்களைப் பற்றிய தேவையாயிற்று.

யேனா நகரில் கார்ல் சைஸ் என்னும் கைவினைஞர் நுண்ணோக்கிகள் செய்து வந்தார். அவருக்குத் துணைநின்றவர் எர்ன்ஸ்ட் ஆபே என்னும் பௌதிகப் பேராசிரியர். ஆபே நூற்பாலைத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்து, வறுமையினூடே கற்று உயர்ந்தவர். வில்லையின் வடிவைக் கணக்கினால் முன்கூட்டியே வரையறுக்கும் முறையை அவர் கண்டார். கணக்கு பிழையற்றதாக அமைந்தது. ஆனால் அக்கணக்கு வேண்டிய கண்ணாடி உலகில் எங்கும் கிடைக்கவில்லை. புதுவகைக் கண்ணாடிகள் தோன்றினாலன்றி நுண்ணோக்கி மேலும் முன்னேற இயலாது என்று ஆபே 1870-களின் இறுதியில் வெளிப்படையாக எழுதினார்.

இம்முயற்சியில் முன்பே இறங்கியவர்களும் உளர். பவேரிய நாட்டுப் பிரான்ஹோபர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்ணாடியின் தரத்தை உயர்த்தினார். இங்கிலாந்தில் மைக்கேல் பாரடே 1820-களின் பிற்பகுதியில் போரானும் ஈயமும் கலந்த கண்ணாடியை உருக்கினார். வெர்னன் ஹார்கோர்ட் என்னும் பாதிரியார் பல ஆண்டுகள் பாஸ்பரஸ் முதலியன சேர்த்துச் சோதனை செய்தார். அவர்கள் முயற்சி போற்றுதற்குரியது. ஆயினும், அது தொழிற்சாலையில் செய்து அனைவருக்கும் வழங்கத்தக்க கண்ணாடியாக மலரவில்லை.

இந்நிலையில், 1879ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் நாள், விட்டன் நகரிலிருந்து ஆபேக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் 27 வயது நிரம்பிய ஓட்டோ ஷாட். இலித்தியம் என்னும் மிக இலேசான உலோகத்தின் சேர்மத்தைக் கலந்து புதிய கண்ணாடி ஒன்றை உருக்கியிருப்பதாகவும், அதன் ஒளி இயல்புகளை அளந்து கூற வேண்டும் எனவும் அவர் கேட்டிருந்தார். முன்பின் அறியாத இளைஞரின் கடிதமாயிற்றே என்று ஆபே அதனைப் புறக்கணிக்கவில்லை. கண்ணாடியைச் சோதிக்க முன்வந்தார்.

சோதனையின் முடிவு ஷாட் விரும்பியவாறு அமையவில்லை. முதலில் அனுப்பிய கண்ணாடி ஒரே சீராக இல்லாமையால் அதனைச் செம்மையாக அளக்கவே முடியவில்லை. உருகலை நன்கு கலக்கிச் சீரான கண்ணாடியை ஷாட் மீண்டும் செய்து அனுப்பினார். அதனை அளந்தபோது, ஆபே தேடிய சிறப்பியல்பு இலித்தியக் கண்ணாடியில் இல்லை என்பது தெரிந்தது. மற்றொருவராயின் மனம் சோர்ந்து முயற்சியைக் கைவிட்டிருப்பார். ஷாட் அத்தோல்வியிலிருந்து இரண்டு பயன்களைப் பெற்றார். சிறிதளவு கண்ணாடியையும் அளவீட்டிற்கு ஏற்றவாறு சீராக உருக்கும் திறமை ஒன்று. உருக்குபவரும் அளப்பவரும் கைகோத்து உழைத்தால் இருளில் தடவாமல் ஒளியில் நடக்கலாம் என்னும் தெளிவு மற்றொன்று.

அன்று முதல் விட்டனிலிருந்து யேனாவிற்குச் சிறு கண்ணாடித் துண்டுகள் தொடர்ந்து சென்றன; யேனாவிலிருந்து அளவுகள் திரும்பி வந்தன. ஷாட் சிறு மூசையில் சில பத்துக் கிராம் எடையுள்ள கலவையை உருக்குவார். கலவையில் ஒன்றை மட்டும் மாற்றி, ஏனையவற்றை மாற்றாது வைப்பார். அம்மாற்றத்தால் ஒளி எவ்வளவு வளைந்தது, நிறங்கள் எவ்வளவு விரிந்தன என்பதை ஆபே அளந்து எழுதுவார். பேரியம், துத்தநாகம், மக்னீசியம், அலுமினியம், டைட்டானியம், போரான், பாஸ்பரஸ், புளூரின் என 20-க்கும் மேற்பட்ட தனிமங்கள் காலப்போக்கில் அம்மூசையினுட் புகுந்து வெளிவந்தன. ஒவ்வொன்றின் குணமும் குறையும் ஏட்டில் ஏறின.

1881ஆம் ஆண்டில் இம்முயற்சி கனியத் தொடங்கியது. போரிக் அமிலம் சேர்ந்த கண்ணாடி நீலப் பகுதியின் விரிவைக் குறைத்தது. பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்த கண்ணாடியும் ஆபேயின் கணக்கிற்கு உதவும் இயல்பைக் காட்டியது. எனினும் இவ்விரு பொருள்களும் எளிதில் அடங்குவன அல்ல. அளவு சிறிது தவறினாலும், ஆறவிடும் வேகம் சிறிது மாறினாலும், தெளிந்த உருகல் கலங்கிப்போகும். சிலபோது பளிங்காக உறைந்துபோகும். ஒரு பொருள் தரும் நன்மையைக் காத்து, அது விளைக்கும் தீமையைத் தடுக்க இன்னொரு பொருளைச் சேர்க்க வேண்டியிருந்தது. கண்ணாடியியலின் நுட்பம் முழுவதும் இங்கேதான் அடங்கியுள்ளது எனலாம்.

1882ஆம் ஆண்டு ஷாட் யேனா நகருக்கே குடிபெயர்ந்தார். 1884ஆம் ஆண்டு ஷாட், ஆபே, கார்ல் சைஸ், அவர் மகன் ரோடரிக் சைஸ் ஆகிய நால்வரும் கூடிக் கண்ணாடித் தொழில்நுட்ப ஆய்வகம் ஒன்றை அங்கே நிறுவினர். அறிவியலுக்கு அதனால் விளையக்கூடிய நன்மையை உணர்ந்த பிரஷ்ய அரசும் பொருளுதவி செய்தது. 1886ஆம் ஆண்டில் அவ்வாய்வகம் தன் முதல் விலைப்பட்டியலை வெளியிட்டது. அதில் 44 வகைக் கண்ணாடிகள் இடம் பெற்றன. அவற்றுள் 19 முற்றிலும் புதியவை. அவ்வாண்டிலேயே ஆபே, புதிய கண்ணாடிகளையும் புளோரைட்டு என்னும் கனிமத்தையும் கொண்டு, நிறக்கறை பெரிதும் நீங்கிய நுண்ணோக்கி வில்லைகளை அமைத்தார். மூன்று நிறங்களும் ஒரு புள்ளியில் கூடின.

ஆயினும் வெற்றியின் நடுவே ஒரு குறை தலைகாட்டியது. பாஸ்பரஸ் மிகுந்த கண்ணாடிகளும் போரான் மிகுந்த கண்ணாடிகளும் காற்றின் ஈரத்தைத் தாங்கமாட்டாமல் நாளடைவில் மங்கின. ஷாட் அதனை மறைக்க முயலவில்லை. அத்தகைய கண்ணாடிகள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. ஒளி இயல்பில் உயர்ந்ததாயினும் நிலைத்து நில்லாத கண்ணாடி பயன்படாது என்பதை அவர் உணர்ந்தார். பேரியம் சேர்ந்த கண்ணாடிகளோ நிலைபெற்றன. ஒளியை மிகுதியாக வளைத்தும் நிறங்களைக் குறைவாகவே விரிக்கும் அக்கண்ணாடிகளைக் கொண்டு, 1890ஆம் ஆண்டில் யேனாவில் புகைப்படக் கருவிக்குச் சிறந்த புதிய வில்லை அமைக்கப்பட்டது.

அடுத்து ஷாட்டின் கருத்தை ஈர்த்தது வெப்பமானி. அக்காலத்து வெப்பமானிகளைக் கொதிநீரில் இட்டுப் பின்னர்ப் பனிக்கட்டியில் வைத்தால், இரசம் பழைய சுழிக் குறிக்கு வாராது. அதற்குக் கீழே நிற்கும். நோயாளியின் காய்ச்சலையும் ஆய்வாளரின் சோதனையையும் இத்தகைய கருவியை நம்பி எவ்வாறு அளப்பது? பிழை இரசத்தினுடையது அன்று, கண்ணாடிக் குமிழினுடையதே. சூட்டில் விரிந்த குமிழ் உடனே தன் பழைய அளவிற்குத் திரும்புவதில்லை. சோடாவும் பொட்டாசும் ஒருசேரக் கலந்த கண்ணாடியில் இப்பிழை மிகுதி எனவும், அவற்றுள் ஒன்றை மட்டும் கொண்ட கண்ணாடியில் இது மிகக் குறைவு எனவும் ஆராய்ச்சியால் தெரிய வந்தது. தனித்தனியே குற்றமற்ற இரண்டு பொருள்கள் கூடியபோது குற்றம் பிறந்தது. ஷாட் சோடாவை மட்டும் கொண்டு, துத்தநாகமும் சிறிதளவு போரானும் அலுமினியமும் சேர்த்து, நம்பத்தகுந்த வெப்பமானிக் கண்ணாடியை உருவாக்கினார்.

அவருடைய புகழை உலகின் மூலைமுடுக்கெல்லாம் கொண்டு சென்றது போரோசிலிக்கேட்டுக் கண்ணாடி ஆகும். சாதாரணக் கண்ணாடிக் கோப்பையில் கொதிநீரைத் திடீரென ஊற்றினால் உள்முகம் விரியும், வெளிமுகம் விரியாது நிற்கும், கோப்பை வெடிக்கும். சுண்ணாம்பையும் சோடாவையும் குறைத்துப் போரானைச் சேர்த்தால் கண்ணாடி சூட்டில் விரியும் அளவு மிகவும் குறைகின்றது என்பதை ஷாட் கண்டார். 1880-களின் பிற்பகுதியில் தொடங்கிய இவ்வாய்வு 1890-களில் பயன் தந்தது. சோதனைக் குடுவைகளும், காற்று விளக்கின் சிமினிகளும் அக்கண்ணாடியால் செய்யப்பட்டன. மழைத்துளி பட்டாலும் அச்சிமினி வெடிக்கவில்லை. அமிலங்களும் அக்குடுவைகளை எளிதில் அரிக்கவில்லை. இன்று ஆய்வுக்கூடங்களில் வழங்கும் போரோசிலிக்கேட்டுக் கண்ணாடி, பலகணிக் கண்ணாடி விரியும் அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே விரிகின்றது.

கண்ணாடியினுள் நிகழும் நுட்பமான செயல்களை ஷாட் தம் கண்ணால் காண வழியில்லை. அவற்றைக் காட்டும் எலெக்ட்ரான் நுண்ணோக்கி அவருடைய உழைப்புக் காலத்திற்குப் பின்னரே ஆராய்ச்சிக்குக் கிட்டியது. சிலிக்காவும் போரானும் சோடியமும் கலந்த உருகல் உலையில் ஒன்றாகவே இருக்கும். குளிர்ந்த பின்னும் தெளிவாகவே தோன்றும். ஆனால், அதனை 500 முதல் 700 பாகை வரையுள்ள சூட்டில் நெடுநேரம் வைத்திருந்தால், அக்கண்ணாடி தனக்குள்ளேயே இரண்டாகப் பிரிகின்றது. மோரைக் கடைந்தால் வெண்ணெய் தனியே திரள்வதுபோல, சிலிக்கா மிகுந்த பகுதி ஒன்றாகவும், போரானும் சோடியமும் மிகுந்த பகுதி மற்றொன்றாகவும் திரள்கின்றன. இரண்டும் கண்ணாடியே, ஆயினும் அவற்றின் இயல்புகள் வேறு. இதனை அறிஞர் நிலைப்பிரிவு என்பர். பிரிந்த துளிகள் மிகச் சிறியனவாக இருக்கும்வரையில் கண்ணாடி தெளிவாகத் தோன்றும். அவை வளர்ந்து ஒளியைச் சிதறடிக்கத் தொடங்கினால் நீலம் படர்ந்து, பின் பால்போல் வெண்மையாகிவிடும். பாலின் வெண்மைக்கும் அதில் மிதக்கும் நுண்ணிய கொழுப்புத் துளிகளே காரணம் அன்றோ!

இப்பிரிவு நேரும்போது கண்ணாடியில் உள்ள ஒவ்வொரு தனிமமும் தன் இடத்தைத் தேர்ந்து கொள்கின்றது. சோடியம் போரானோடு செல்கின்றது. நிறம் தரும் கோபால்ட்டு போன்ற உலோகங்களும் பெரும்பாலும் அப்பக்கமே சேர்கின்றன. சிலிக்கான் மறுபக்கத்தில் நிலைத்து நிற்கின்றது. கண்ணாடியில் உள்ள உயிர்வளி அணுக்களைத் தம்மைச் சூழ நிறுத்திக்கொள்ள ஒவ்வொரு தனிமமும் போட்டியிடுவதே இதற்கு அடிப்படை. சிறிய உருவமும் வலிய மின்னேற்றமும் உடையவை அப்போட்டியில் முனைந்து நின்று பிரிவைத் தூண்டுகின்றன. அதனாலேயே சிலிக்காவோடு சேரும்போது சோடியத்தைக் காட்டிலும் இலித்தியமும், பொட்டாசியத்தைக் காட்டிலும் சோடியமும் பிரிவை மிகுவிக்கின்றன. ஷாட் முதன்முதலில் கையாண்ட அவ்விலித்தியமே இவற்றுள் முதலிடம் பெறுவது குறிப்பிடத்தக்கது.

பிரிவைத் தடுக்கும் பொருளும் உண்டு. அலுமினியத்தின் ஆக்சைடை நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு சேர்த்தாலே போதும்; நிலைப்பிரிவு பெரிதும் அடங்கிவிடும். அலுமினியம் சோடியத்தைத் தன்பால் ஈர்த்துக்கொண்டு சிலிக்காவின் வலையமைப்பில் தானும் ஒரு கண்ணியாக அமர்கின்றது. போரானோடு கூடி வெளியேறவிருந்த சோடியம் இவ்வாறு சிலிக்காவின் பக்கமும் நிறுத்தப்படுகின்றது. பகைத்துப் பிரியவிருந்த இரு தரப்பாரிடையே நடுவர் ஒருவர் அமர்ந்து இணக்கம் செய்வதைப் போன்றது இச்செயல். மாறாக, பாஸ்பரஸ் பிரிவைத் தூண்டுகின்றது. எலும்புச் சாம்பலை இட்டுப் பால்நிறக் கண்ணாடி செய்த பழைய கொல்லர், காரணம் அறியாமலே இவ்வுண்மையைப் பயன்படுத்தினர்.

1890-களின் தொடக்கத்தில் யேனாவில் செய்யப்பட்ட ஒரு புகழ்பெற்ற வெப்பமானிக் கண்ணாடியில் 100 பங்குக்கு 72 பங்கு சிலிக்காவும், 12 பங்கு போரான் ஆக்சைடும், 11 பங்கு சோடியம் ஆக்சைடும், 5 பங்கு அலுமினியம் ஆக்சைடும் இருந்தன. அலுமினியத்தின் தொழிலை இன்று அறிந்தவாறு அன்று எவரும் அறியார். எனினும், தெளிவும் உறுதியும் உடைய கண்ணாடியைத் தேடி, உருக்கியும் அளந்தும் ஒதுக்கியும் சென்ற ஷாட்டின் கைகள் சரியான இடத்தையே அடைந்தன. கருத்துக்கு எட்டாததைப் பொறுமையான சோதனை எட்டியது.

அவர் தவிர்க்க முயன்ற பிரிவையே பின்வந்தோர் ஒரு கருவியாக்கிக் கொண்டனர். 1930-களில் அமெரிக்காவில் கார்னிங் நிறுவனத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர், போரோசிலிக்கேட்டுக் கண்ணாடியை வேண்டுமென்றே சூட்டில் வைத்துப் பிரியச் செய்தனர். பின்னர் அதனை அமிலத்தில் இட்டுப் போரான் மிகுந்த பகுதியைக் கரைத்து நீக்கினர். எஞ்சிய பகுதி கடற்பஞ்சு போல் நுண்துளைகள் நிறைந்து நின்றது. அதனை மீண்டும் சுட்டபோது துளைகள் மூடிச் சுருங்கி, 96 விழுக்காடு சிலிக்கா கொண்ட தெளிந்த கண்ணாடி கிடைத்தது. செந்தணலாகக் காய்ச்சிக் குளிர்ந்த நீரில் இட்டாலும் அது வெடிக்காது. ஒரு காலத்தில் குறை எனப்பட்டதே, அறிவு வளர்ந்தபோது குணமாக மாறிற்று.

அணுஉலைகளில் எஞ்சும் கொடிய கதிரியக்கக் கழிவை மக்களுக்குத் தீங்கு நேராவண்ணம் அடக்கி வைக்கவும் போரோசிலிக்கேட்டுக் கண்ணாடியே பயன்படுகின்றது. பிரான்சும் இந்தியாவும் இம்முறையைக் கையாளும் நாடுகளில் அடங்கும். கழிவில் உள்ள பலவகைத் தனிமங்களும் கண்ணாடியோடு உருகி அதன் வலையமைப்பில் சிறைப்பட வேண்டும். ஆனால், மாலிப்டினம், கந்தகம் போன்றவை அளவு மீறினால் தனியே பிரிந்து, நீரில் கரையும் உப்பாகத் திரண்டுவிடும். கதிரியக்கமுள்ள சீசியமும் அதனோடு சென்று சேரக்கூடும். அவ்வாறாயின் சிறையின் கதவு திறந்ததற்கு ஒப்பாகும். எந்தச் சேர்க்கை எந்தத் தனிமத்தை எங்கே நிறுத்துகின்றது என்னும் அறிவு, இவ்வாறு வருங்கால மக்களின் நலத்தையே காக்கும் அறிவாக விளங்குகின்றது.

ஷாட் ஆராய்ச்சியில் மட்டும் பெரியவர் அல்லர். கார்ல் சைஸ் 1888ஆம் ஆண்டு மறைந்தபின், ஆபே அவர் பெயரால் 1889ஆம் ஆண்டு ஓர் அறநிலையத்தை நிறுவித் தமக்குரிய தொழிற் பங்குகளை 1891ஆம் ஆண்டில் அதற்கே அளித்தார். தொழிலின் வருவாய் அறிவியலுக்கும் உழைப்பாளர் நலத்திற்கும் பயன்பட வேண்டும் என்பதே அவர் நோக்கம். சைஸ் தொழிற்சாலையில் 1900ஆம் ஆண்டிலேயே எட்டு மணி நேர வேலைமுறை ஏற்பட்டது. 1905ஆம் ஆண்டு ஆபே காலமானார். நண்பர் காட்டிய வழியைப் பின்பற்றி, 1919ஆம் ஆண்டு ஷாட்டும் கண்ணாடித் தொழிற்சாலையில் தமக்கிருந்த பங்கை அவ்வறநிலையத்திற்கே ஒப்படைத்தார். தம் உழைப்பால் எழுந்த பெருஞ்செல்வத்தைப் பொதுவுடைமையாக்க அவர் தயங்கவில்லை.

1926ஆம் ஆண்டு அவர் தொழிற் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். அவர் மகன் எரிக் ஷாட் அடுத்த ஆண்டு அப்பொறுப்பை ஏற்றார். 1935ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 27ஆம் நாள், 83ஆம் வயதில், தாம் வாழ்ந்து உழைத்த யேனா நகரிலேயே ஓட்டோ ஷாட் இயற்கை எய்தினார். இரண்டாம் உலகப் போரின் முடிவில் ஜெர்மனி பிளவுபட்டது. 1945ஆம் ஆண்டு அமெரிக்கப் படையினர் யேனாவின் கண்ணாடி வல்லுநர் 41 பேரை மேற்குப் பகுதிக்கு அழைத்துச் சென்றனர். அவர்கள் வழியாக மைன்ஸ் நகரில் 1952ஆம் ஆண்டு புதிய தொழிற்சாலை எழுந்தது. நாடு பிரிந்தபோதும் ஷாட் வகுத்த நெறி அழியவில்லை.

ஓட்டோ ஷாட்டின் வாழ்க்கையில் வீரச்செயல்களோ வியத்தகு நிகழ்ச்சிகளோ மிகுதியாக இல்லை. ஒரு மூசை, ஓர் உலை, ஒரு தராசு, குறிப்பெழுத ஓர் ஏடு ஆகியவற்றோடு அவர் நாள்கள் கழிந்தன. தம் முதற்கண்ணாடி பயன்படாது என்று அறிந்தபோது அவர் அதனை ஒப்புக்கொண்டார். விற்பனைக்கு வந்த கண்ணாடி மங்கியபோது அதனைப் பட்டியலிலிருந்து நீக்கினார். ஒன்றை மாற்றி, விளைவை அளந்து, உண்மையை உள்ளவாறே எழுதிவைக்கும் இந்நேர்மையே அவருடைய பெருங்கருவியாக இருந்தது. பள்ளி ஆய்வுக்கூடத்தில் மாணவன் ஒருவன் கொதிக்கும் நீர் நிறைந்த குடுவையை அச்சமின்றி விளக்கின்மேல் வைக்கும்போதும், மருத்துவர் நுண்ணோக்கியின் வழியே கிருமியைத் தெளிவாகக் காணும்போதும், விட்டன் நகரத்து இளைஞர் அன்று உருக்கிய சிறு கண்ணாடித் துண்டுகளின் பயனே அங்கு நின்று ஒளிர்கின்றது.